பச்சைப் பெயின்ட் அடித்த ஆலை

கேமரன் மலைத் தண்ணீரைப் பற்றி யார் மேடை ஏறினாலும் ஒரே பல்லவிதான்: "பெரிய சுத்திகரிப்பு ஆலை கட்டினால் போதும், அதுதான் பசுமைப் பொறியியல்." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கூரையில் நாலு சோலார் தகடு மாட்டினால் எதுவும் பசுமை என்று நம்புகிறவர்கள், 2003இல் அனஸ்தாஸும் ஸிம்மர்மனும் பசுமைப் பொறியியலுக்கு வகுத்த பன்னிரண்டு விதிகளில் இரண்டாவதையாவது படிக்கலாம். கழிவை உண்டாக்கிவிட்டுக் கழுவுவதைவிட, உண்டாகாமல் தடுப்பதே மேல் என்கிறது அது.

மழை கொட்டினால் ஆறு கலங்காதா என்பார்கள். போ தேயிலை நிறுவனம் தொடங்கிய 1929இலும் மழை பெய்தது. பெய்த மழையைக் குற்றம் சொல்கிறவர்கள், விவசாயத்துக்காகச் சரிவை வெட்டிப் பிளாஸ்டிக் கூரை போட்டதைச் சொல்வதில்லை.

ஆலை எதையும் வடிகட்டிவிடுமாம்! இதே மலையில் கோலா தெர்லாவிலும் ஆலை இருக்கிறது. பெரிய மழைக்குப் பிறகு ஆறு தே தாரேக் நிறத்தில் வரும். ஆலைகளில் கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுநீரை ஊற்றி, ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாகப் படிகாரம் போட்டுக் கலக்கி, எதில் மண் திரண்டு அடியில் உட்காருகிறது என்று பார்ப்பார்கள். கலங்கல் ஏறினால் படிகாரம் ஏறும். படிகாரம் ஏறினால் தண்ணீரில் அமிலம் கூடும்; அதைத் தணிக்கச் சுண்ணாம்பு. திரண்ட சேற்றைக் கொட்ட இடம் வேண்டும். மணல் வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழுவ, பாடுபட்டுச் சுத்தம் செய்த தண்ணீரே செலவாகும். கலங்கல் எல்லை மீறினால் ஆலையை நிறுத்தத்தான் வேண்டும். பெரிய ஆலை என்றால் பெரிதாக நிற்கும், அவ்வளவுதான். கோழிச்சாண எருவிலிருந்து வரும் அம்மோனியா குளோரினைத் தின்னும். கரைந்த பூச்சிமருந்தில் பல, படிகாரத்துக்கும் மணலுக்கும் அகப்படுவதேயில்லை.

ஹோட்டல் கழிவுநீருக்கும் புது ஆலையாம். கட்டட்டும், பள்ளி விடுமுறைக் கூட்டத்தையும் கணக்கில் சேர்த்துக் கட்டட்டும்; ஆனால் ஆற்று மண்ணுக்கு அது பதில் இல்லை.

ஆலைக்குள் வராத மண் எங்கே போகிறது? தெலோம் ஆற்றை மண்ணோடு சேர்த்துச் சுரங்கம் வழியே திருப்பி, மின்சாரத்துக்காக 1963இல் உருவான ரிங்லெட் ஏரியில் சேர்க்கிறார்கள். அந்த ஏரியைத் தூர்வாரி மாளவில்லை. 2013 அக்டோபரில் அந்த ஏரியின் அணையைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களே போயின.

விவசாயி வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஆலைக்கு அடிக்கல் நாட்ட வருகிறவரிடம் கேளுங்கள்: மேலே எத்தனை வண்டல் குளம் தோண்டினீர்கள்? ஆற்றோரம் எத்தனை அடியை வெட்டாமல் விட்டீர்கள்? பதில் இல்லையென்றால், போடக் கொண்டுபோன மாலையை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.