பதுங்கு குழியில் பிறந்த சிரிப்பு

சாவின் வாயில் நிற்பவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? கூடாது என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால், அவனே சிரித்தால்?

இந்த வினாவை என்னுள் எழுப்பியவர் புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் என்னும் ஆங்கிலேயர். இன்று பாகிஸ்தானில் உள்ள மரீ மலைநகரில் 1887-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் படை அதிகாரியாகச் சென்று, 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் குண்டு வெடித்து அடிபட்டவர். அவ்வாண்டு நவம்பரில் 'பைஸ்டாண்டர்' ஏட்டில் அவருடைய கேலிச்சித்திரம் ஒன்று வெளிவந்தது. குண்டு விழுந்த பள்ளத்தில் இரு சிப்பாய்கள் பதுங்கியிருக்கிறார்கள். நாற்புறமும் குண்டுகள் வெடிக்கின்றன. அலுத்துக்கொள்ளும் தோழன்மீது எரிந்து விழுகிறான் தொங்குமீசைக்காரன்: வேறு நல்ல பள்ளம் தெரிந்தால் தாராளமாகப் போகலாமாம்!

அதே நாட்டில் 1914 முதல் கிச்சனர் பிரபு சுவரொட்டியிலிருந்து விரல் நீட்டி இளைஞரை அழைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சுவரொட்டியில் வீரம் இருந்தது, சேறு இல்லை. சேற்றை வரைய, சேற்றில் கிடந்தவன் வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய் பில் மால்டின் இப்பணியைத் தொடர்ந்தார். இத்தாலியில் காயம்பட்டவர் அவர். வில்லி, ஜோ என்னும் அவருடைய பாத்திரங்கள் மழிக்காத முகமும் அழுக்கு உடையுமாய்த் திரிபவர்கள். ஒரு படத்தில், உடைந்துபோன ஜீப்பைக் கால் ஒடிந்த குதிரையாகவே எண்ணிக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுடுகிறான் ஒரு குதிரைப்படைக்காரன். தளபதி பேட்டனுக்கு இவையெல்லாம் பொறுக்கவில்லை; 1945-இல் மால்டினை அழைத்துக் கண்டித்தார். அதே ஆண்டில் மால்டினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 23!

நண்பர்களே, ஒரு தடையை நீங்கள் எழுப்பக்கூடும். பேர்ன்ஸ்ஃபாதரைப் பின்னர் பிரிட்டிஷ் போர் அமைச்சகமே படம் வரையும் பணியில் அமர்த்தியதே! சிரிக்கும் சிப்பாய் மறுநாளும் துப்பாக்கி தூக்குவான் என்னும் கணக்குத்தானே அது? ஆம், இச்சிரிப்பு போருக்கும் பயன்பட்டது. அதை மறைப்பதில் பொருளில்லை. ஆயினும், வீட்டிலிருந்தோர் களத்தின் ஈரத்தையும் பசியையும் அச்சத்தையும் அறிந்ததில் இப்படங்களுக்குப் பங்குண்டு. ஆணைக்கு அடங்கியவன் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வேறு எப்படிச் சொல்வான்?

எட்டு மெய்ப்பாடுகளை எண்ணிய தொல்காப்பியர் நகையை முதலில் வைத்து, அதை அடுத்தே அழுகையை வைத்தார். இரண்டும் அண்டை வீட்டார் என்பதை இப்படங்கள் எனக்குக் காட்டின.

விடுதியில் மின்விசிறியின் கீழ் அமர்ந்து, எங்கோ நடக்கும் போரைப் பற்றித் துணுக்கு எழுத நமக்கும் கை துறுதுறுக்கிறது. எழுதுமுன் ஒன்று கேட்போம்: நம் சிரிப்பு பள்ளத்துக்குள் கிடப்பவனைச் சுடுகிறதா, அவனை அங்கே அனுப்பியவனைச் சுடுகிறதா? முன்னதாயின், பேனாவை மூடிவிடுவோம்.