ஜேபெக் இல்லையென்றால் நிற்கிறது, தமிழ் இல்லையென்றால் ஓடுகிறது

கணினி வல்லுநர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். இந்த விஷயத்தில் அவர்கள் செய்வது சரியில்லை என்பதுதான் என் கட்சி.

பில்லோ என்று ஒரு நிரல் நூலகம் இருக்கிறது. பைத்தான் மொழியில் படங்களைக் கையாளுகிறவர்களில் பலருக்கும் அதுதான் கைப்பொருள். எங்கள் ஓய்வூதியர் சங்க உறுப்பினர் அட்டைகளில் பெயரும் படமும் சேர்ப்பது அதைக் கொண்டுதான். சங்கத்தின் பழைய கணினிக்குத் தயார்நிலைப் பொட்டலம் ஒத்துவரவில்லை. மூல நிரலை எடுத்துக் கம்பைல் செய்ய வேண்டியதாயிற்று. செய்துகொடுத்த தம்பி, "டிஃபால்ட்டே போதும் சார்" என்றார்.

போதாது. கம்பைல் செய்யும்போது எந்தெந்த வசதி வேண்டும் என்று நாம் சொல்லலாம். சொல்லாவிட்டால், கணினியில் கிடைத்ததை அதுவே தேடிச் சேர்த்துக்கொள்ளும். ஜேபெக் படங்களுக்கான நூலகம் அகப்படாவிட்டால் அந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும். ராக்ம் அகப்படாவிட்டால்? இறுதியில் 'இல்லை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். பிப் மூலம் நிறுவினால் அந்த ஒரு வரிகூடச் சாதாரணமாகத் திரைக்கு வராது. வேலை வெற்றி என்று மட்டும் சொல்லும்.

அந்த ராக்ம்தான், ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தின் துணையோடு, எழுத்துகளைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. ஆங்கிலத்துக்கு அது இல்லாமலே காலம் தள்ளலாம். தமிழுக்கு முடியாது. கேசவன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். ராக்ம் இல்லையென்றால் பின்னால் போய் நிற்கும். படிக்கிறவர் கண்ணுக்கு அது 'கசேவன்'. பென்ஷன் புத்தகத்தில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் எத்தனை ஜன்னலுக்கு அலைய வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹிந்தியின் இகரக் குறிக்கும் இதே கதிதான். அரபு எழுத்தோ கோர்வை அறுந்து, இடமிருந்து வலமாக ஓடும்.

படத்தைச் சிறிதாக்க மட்டும் பயன்படுத்துகிறவருக்கு ராக்ம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயம்தான். அவர் 'டிசேபிள்' என்று எழுதிவிட்டுப் போகட்டுமே! வேண்டாதவர் வாய்திறந்து சொல்லட்டும். வேண்டுகிறவன் ஏன் காவல் காக்க வேண்டும்? படம் திறக்காதது பிழை, பெயர் சிதைவது பிழையில்லை என்று எந்தக் கணக்கில் பிரித்தார்கள்?

இப்போதைக்கு வழி இருக்கிறது. கம்பைல் செய்து தருகிறவரிடம் ராக்முக்கு எதிரே 'எனேபிள்' என்று எழுதச் சொல்லுங்கள். அப்போது அது கிடைக்காவிட்டால் வேலை நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். முடிந்தபின் 'தேவகோட்டை' என்று ஒரு படத்தில் எழுதிக் காட்டச் சொல்லி, கொம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கூலியைக் கொடுங்கள்.