ஆபரேஷன் முடிஞ்சாலும் முதல் 2 வருஷம் முக்கியம்! கல்லீரல் புற்றுநோய் திரும்ப வருமான்னு முன்கூட்டியே கணிக்க முடியுமா?

மரக்காணம்னு சொன்னாலே பலருக்கு 2023 மே மாதம்தான் ஞாபகத்துக்கு வரும். எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். மெத்தனால் ஓரிரு நாளில் கொல்லும். அதனால் அது பிரேக்கிங் நியூஸ். ஆனால் வருஷக்கணக்கில் மதுவும், ஹெபடைடிஸ் பி வைரஸும், சர்க்கரை நோயோடு சேர்ந்த கொழுப்பும் கல்லீரலை அரிப்பது எந்த டிக்கரிலும் ஓடாது. அப்படி அரிக்கப்பட்ட கல்லீரலில்தான் பெரும்பாலும் புற்றுநோய் வருகிறது.

சீக்கிரம் தெரிந்தால் கட்டி உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிடலாம். "கட்டியை எடுத்தாச்சு, இனி பயமில்லை" என்று குடும்பமே நிம்மதியாகிவிடும். இங்கேதான் சிக்கல். அறுவை சிகிச்சை செய்தவர்களில் பாதிப் பேருக்கு மேல், சில ஆய்வுகளின்படி 70 சதவீதம் பேர் வரை, 5 வருடத்துக்குள் நோய் திரும்புகிறது.

வேரா, விதையா?

திரும்புவதில் ரெண்டு வகை உண்டு. களை பிடுங்குகிறவர்களுக்கு இது உடனே புரியும். பிடுங்கும்போது உள்ளே அறுந்து நின்ற வேர் சீக்கிரம் முளைத்துவிடும். அதே மண்ணில் புதுசா விதை விழுந்து முளைக்க நாளாகும்.

2 வருடத்துக்குள் திரும்பினால் பெரும்பாலும் அது வேர். அதாவது, ஆபரேஷனுக்கு முன்பே பழைய கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செல்கள் பரவியிருக்கும். அதற்குப் பிறகு வந்தால் பெரும்பாலும் கெட்டுப்போன கல்லீரலில் புதிதாக முளைத்தது. முதல் வகைதான் ஆபத்து அதிகம். அதனால்தான் அதை முன்கூட்டியே கணிக்க டாக்டர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்.

எப்படி கணிக்கிறாங்க?

பெரிய ஏஐ மெஷின் எல்லாம் வேண்டியதில்லை. 2018ல் வெளியான 'எராசல்' என்ற கணிப்பு முறை, ஹாங்காங் உள்ளிட்ட 6 மையங்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 3,903 பேரின் விவரங்களை வைத்து உருவானது. அது கேட்பது இவ்வளவுதான்: ஆணா பெண்ணா, கட்டியின் அளவு, எத்தனை கட்டிகள், ரத்தத்தில் ஏ.எஃப்.பி. அளவு, அல்புமினும் பிலிரூபினும் எவ்வளவு. எல்லாமே சாதாரண ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் கிடைக்கிற தகவல்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு இன்னொன்று சேரும். அதுதான் துருப்புச்சீட்டு. வெட்டி எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் புற்றுநோய் செல்கள் புகுந்திருக்கா என்று தெரியும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'மைக்ரோவாஸ்குலர் இன்வேஷன்' என்று ஒரு வரி இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லை பத்திரமா வைத்துக்கொள்ளும் நாம், இந்த ரிப்போர்ட்டை கேட்டு வாங்குவதுகூட இல்லை. கேளுங்க.

இதையெல்லாம் சேர்த்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று ஆபத்துப் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள். இது ஜாதகம் இல்லை. 'அதிகம்' என்று வந்தவருக்கு நோய் திரும்பாமலும் போகலாம், 'குறைவு' என்று வந்தவருக்கு திரும்பவும் செய்யலாம்.

கணிச்சு என்ன பயன்?

நியாயமான கேள்வி. திரும்பாமல் தடுக்க உறுதியான மருந்து இன்னும் இல்லை. அதிக ஆபத்து உள்ள 668 பேரிடம் நடந்த 'ஐஎம்பிரேவ்050' ஆய்வில், அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகள் 2023ல் நல்ல பலன் காட்டின. 2024ல் அதே நோயாளிகளின் நீண்டநாள் முடிவு வந்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கு மட்டும், வைரஸ் மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. 2018ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அந்த மாத்திரை இலவசம்.

கீழாநெல்லி? 1988ல் சென்னை விஞ்ஞானி தியாகராஜன் குழுவும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ப்ளம்பெர்க்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்ததாக முடிவு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அதே முடிவு கிடைக்கவில்லை. எனவே மாத்திரையை நிறுத்திவிட்டு கீழாநெல்லியை நம்பி இருக்க வேண்டாம்.

ஆக, கணிப்பின் உண்மையான பயன் ஸ்கேன்தான். முதல் 2 வருடம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., கூடவே ஏ.எஃப்.பி. டெஸ்ட். திரும்பிய கட்டி சின்னதாக இருக்கும்போதே சிக்கினால் மறுபடி வெட்டலாம், சூடு கொடுத்து கருக்கலாம், சிலருக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கலாம். பெரிதானால் இந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும்.

உப்பளக் காலண்டர்

இப்போ மரக்காணத்துக்கு வருவோம். உப்பள வேலைக்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஸ்கேன் தேதிக்கும் உப்பு சீசனுக்கும் உண்டு. மழைக்காலத்தில் வேலை நிற்கும்போது, நவம்பரில் ஒருவர் ஆபரேஷன் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஸ்கேன்கள் பிப்ரவரி, மே, ஆகஸ்ட். மூன்றும் உப்பு வாருகிற மாதங்கள். உடம்பு நல்லாத்தான் இருக்கு, ஒருநாள் கூலியை ஏன் விடணும்னுதான் தோணும். ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மழைக்காலத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் இருக்கிறது. ஸ்கேனுக்குப் போகிற அந்த ஒருநாள் கூலிக்கு எதுவும் இல்லை. கணிப்பு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த இடத்தில் அறுந்துவிடும் என்பதுதான் என் கருத்து.

இன்னும் ரெண்டு விஷயம். வெயிலில் நீர் வற்றி வேலை செய்பவர்களுக்கு சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்பதால், சி.டி.க்கு மருந்து ஏற்றும் முன் கிரியாட்டினின் பார்த்தாங்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு வலிக்கு கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை, சுருங்கிய கல்லீரல் உள்ளவர்களுக்கு ஆகாது.

ஆபரேஷன் ஜிப்மரிலோ சென்னையிலோ நடந்திருந்தாலும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அங்கேயே போகணுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பக்கத்து மருத்துவமனையில் எடுத்து சி.டி.யை அனுப்பலாம் என்று அவர் சொன்னால், சீட்டில் 'டிரிப்பிள் ஃபேஸ்' என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண வயிற்று ஸ்கேனில் சின்னக் கட்டி தப்பிவிடும்.