பெயரைக் கேட்டு வாங்கியவர்

மனம் உடைந்து நிற்பவரிடம் ‘நல்ல பாட்டாகக் கேள், ஆறிவிடும்’ என்று சொல்லிவிடுகிறோம். அமெரிக்கப் பாடகி டினா டர்னரின் கதையை அறிந்தவர்கள் அவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டார்கள். அவரை அடித்த கைதான் அவர் பாட்டுக்குக் கிட்டாரும் வாசித்தது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நட்புஷ் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அன்னா மே புல்லக். 1960இல் முதல் வெற்றிப் பாடல் வெளியானபோது, இசைக்குழுத் தலைவர் ஐக் டர்னர் அவருக்கு ‘டினா டர்னர்’ என்று பெயர் வைத்தார். அதைத் தன் வணிகப் பெயராகவும் பதிவு செய்துகொண்டார். இந்தப் பெண் போய்விட்டால் வேறொரு பெண்ணை அதே பெயரில் மேடையேற்றலாம் என்பது கணக்கு. பிறகு திருமணம். அடி வாங்கிய முகத்தோடு அடுத்த ஊரில் கச்சேரி. என்ன பாடுவது, எப்படிப் பாடுவது, பணம் யாரிடம் என்பதெல்லாம் கணவர் கையில். இசை அங்கே மருந்தாக இல்லை, விலங்காக இருந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 1966இல் ‘ரிவர் டீப், மவுன்டன் ஹை’ பாடலைத் தயாரித்த பில் ஸ்பெக்டர், ஒலிப்பதிவுக்கு ஐக் வரக் கூடாது என்று நிபந்தனை போட்டார். (அந்த ஸ்பெக்டரே பின்னாளில் ஒரு பெண்ணைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறை சென்றவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) அதுவரை தொண்டை கிழியக் கத்திப் பாடவைக்கப்பட்டவர், மெட்டின் போக்கில் நின்று பாடவும் தன்னால் முடியும் என்பதை அந்த அறையில் உணர்ந்தார். ஆனாலும் அவர் வெளியேற இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. ‘அப்போதே போயிருக்கலாமே’ என்று கேட்பவர்கள், போனால் கையில் என்ன மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

1976 ஜூலையில் டல்லஸ் நகர விடுதியிலிருந்து அவர் தப்பி ஓடியபோது கையில் இருந்தவை 36 சென்ட்டும் ஒரு பெட்ரோல் அட்டையும்தான். 1978இல் விவாகரத்து. சொத்துக்காகப் போராடாமல், ‘டினா டர்னர்’ என்ற பெயரை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார். ரத்தான கச்சேரிகளின் கடன் அவர் தலையில் விழுந்தது. விடுதி மேடைகளிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும் ஆடிப் பாடிப் பிழைத்தார். இசை உலகம் அவரைப் பழைய ஆளாக ஒதுக்கியிருந்தது. 1984இல் ‘பிரைவேட் டான்சர்’ தொகுப்பு வந்தது. அதிலிருந்த ஒரு பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு வயது 44. அடுத்த ஆண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன.

குரல் 1960இலும் அவருடையதுதான். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், சம்பாத்தியமும், பெயரும் அவர் கைக்கு வந்த பிறகே அந்தக் குரல் அவருக்காகப் பாடியது. இடையில் கழிந்த கடன்பட்ட ஆண்டுகளை விட்டுவிட்டு விருது மேடையை மட்டும் காட்டுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கொடிய உறவிலிருந்து மீண்டு வந்த ஒருவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், பாடல் பட்டியல் அனுப்புவதோடு நின்றுவிடாதீர்கள். அவருடைய சம்பளம் அவர் கணக்கில்தான் விழுகிறதா, சான்றிதழ்கள் அவர் கையில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவற்றை மீட்டுத் தரக் கூடவே போங்கள்.