பம்பை மாற்ற ரிக் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வீட்டு போர்வெல் மோட்டார் எரிஞ்சு போச்சுன்னா என்ன செய்வோம்? ஆள் வருவார், குழாயை ஒவ்வொன்றாகக் கழற்றுவார், ஒயரோடு மோட்டார் மேலே வரும். பெரும்பாலும் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் இறக்கப்படும் நீர்மூழ்கி பம்பும் இதே சங்கதிதான். ஆனால் ஆழம் கிலோமீட்டர் கணக்கு. குழாய் மொத்தத்தையும் உருவ ரிக் வேண்டும். அதன் ஒரு நாள் வாடகையே 1 லட்சம் டாலரைத் தாண்டலாம்.

வாடகையைக்கூட விடுங்கள். பெரிய அடி, காத்திருப்பு. ஒற்றைக் கிணற்றுக்காக யாரும் உடனே ரிக் அனுப்புவதில்லை. நாளுக்கு 1,000 பீப்பாய் தரும் கிணறு 100 நாள் நின்றால், பீப்பாய் 70 டாலர் என்று வைத்தாலும் 70 லட்சம் டாலர் வருமானம் தள்ளிப்போகிறது. எண்ணெய் எங்கேயும் ஓடிவிடாது, சரி. மேடையின் தினசரிச் செலவு நிற்குமா? மணலும் வாயுவும் அதிகமுள்ள கிணறுகளில் சில பம்புகள் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ரிக் இல்லாத முறையில், மின்கேபிள் குழாயின் வெளிப்புறத்தில் நிரந்தரமாக இருந்துவிடும். மோட்டாரும் பம்பும் மட்டும் குழாய்க்குள் இறங்கி, அடியில் உள்ள இணைப்பில் பிளக் மாதிரி பொருந்தும். பழுதானால் மெல்லிய கம்பிவடத்திலோ சுருள்குழாயிலோ வெளியே இழுத்துவிடலாம். அலாஸ்காவின் வடபகுதியில், நிலத்துக் கிணறுகளில், இது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

பிறகு ஏன் எல்லோரும் மாறவில்லை? குழாய்க்குள் நுழைய வேண்டும் என்பதால் பம்ப் ஒல்லியாக இருக்க வேண்டும். எண்ணெயும் அதற்கேற்பக் குறையலாம். அடியில் உள்ள அந்த இணைப்பு உப்புநீரிலும் சூட்டிலும் ஊறிக் கிடக்கும். அது போனால் மறுபடி ரிக்தான். பழைய கிணற்றை இதற்கு மாற்றவும் முதல் தடவை ரிக் வந்தே ஆக வேண்டும்.

அதனால், இருக்கிற எல்லாக் கிணறுகளையும் இப்போதே மாற்று என்பது வியாபாரப் பேச்சு. ஆனால் புதுக் கிணற்றிலும், வேறு வேலைக்காக ரிக் வந்து நிற்கும் கிணற்றிலும் இந்த இணைப்பைப் பொருத்தாமல் விடுவது கஞ்சத்தனம். பம்ப் வாங்கும் பிரிவு விலைப்பட்டியலை மட்டும் பார்க்கிறது. கிணறு நின்ற நாள்களின் நஷ்டம் வேறொருவர் கணக்கில் ஏறுகிறது.

1976 முதல் எண்ணெய் தரும் மும்பை ஹை வயலில் பெரும்பாலும் வாயுவைச் செலுத்தியே எண்ணெயை ஏற்றுகிறார்கள். எண்ணெயோடு வரும் தண்ணீர் கூடக்கூட அந்த முறை திணறும், நீர்மூழ்கி பம்புக்கான தேவை கூடும். அங்கே பருவமழை மாதங்களில் கடல் கொந்தளிக்கும்போது ரிக்கை இடம் மாற்றுவதே பெரும்பாடு. ஜூனில் ஒரு பம்ப் நின்றால்?