கிளைபோசேட் களையோடு நிற்பதில்லை

"மனித உடலில் இல்லாத பாதையைத்தான் கிளைபோசேட் அடைக்கிறது, பயமில்லாமல் தெளிக்கலாம்" என்பவர்கள் பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஷிகிமேட் பாதையின் ஒரு நொதியை முடக்குகிறது. ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் ஆகிய அமினோ அமிலங்கள் உருவாகாமல் குருத்து வெளுத்துச் செடி காய்கிறது. சரி. அதே பாதை மண்ணின் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இருக்கிறதே! காப்பி வேருக்குச் சத்து சேர்ப்பவை அவைதானே? தாண்டிக்குடி மலைச் சரிவில் புல் வேரோடு செத்தால் ஐப்பசி மழையில் மேல்மண் ஓடைக்குப் போகும். மருந்துச் சாரல் பட்ட காப்பிக் கன்றைப் பாருங்கள்: புதுத் தளிர் வார்போலக் குறுகி மஞ்சளித்திருக்கும். பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் தவிர வேறெவரும் இதைத் தெளிக்கக் கூடாதென மத்திய அரசே 2022 அக்டோபரில் அறிவித்தது. கூலி அதிகம்தான், ஆனாலும் களையை அரிவாளால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள்.