பாயிரம் இல்லாத அறிவியல்

அறிவியலைத் தமிழில் எழுதுவோர்மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. கலைச்சொற்களைப் பற்றியதன்று அது. அந்த வழக்கை நடத்தப் போதுமான புலவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். என் முறையீடு கதை சொல்லும் முறை பற்றியது. டி.என்.ஏ. குறித்தோ புரதங்கள் குறித்தோ வெளிவரும் எந்தக் கட்டுரையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேதை பிறப்பார். இளமையிலேயே அறிகுறிகள் தோன்றும். ஒரு நாள் உண்மை அவருக்குக் காட்சி கொடுக்கும். தலபுராணத்துக்கு இந்த அமைப்பு பொருந்தும். மூலக்கூற்று உயிரியலுக்குப் பொருந்தாது. அத்துறையின் பெரும்பகுதி, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டு ஆய்வகத்தில் இரவு பகல் பாராமல் நின்ற இளைஞர்களின் கைகளால் எழுப்பப்பட்டது. அந்தக் கைகள் நம் கட்டுரைகளில் இல்லை.

1952 மே மாதம் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் எடுக்கப்பட்ட, ‘51ஆம் எண் படம்’ என்று புகழ்பெற்ற டி.என்.ஏ.வின் எக்ஸ் கதிர்ப் படத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை. அதை எடுத்தவர் ரேமண்ட் கோஸ்லிங் என்ற ஆய்வு மாணவர் என்பதை எழுதியவர் எத்தனை பேர்? நெறியாளர் ரோசலிண்ட் பிராங்க்ளின். பிராங்க்ளினுக்கு இழைக்கப்பட்ட அநீதி பற்றி இப்போது நிறையவே எழுதுகிறார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அங்கும் நடந்திருப்பது, பீடத்திலிருந்து ஒரு மேதையை இறக்கி இன்னொருவரை ஏற்றிய வேலையே. கோஸ்லிங்கை விட்டுவிட்டால் நிகழ்ச்சியே விளங்காது. பிராங்க்ளின் வேறு நிறுவனத்துக்குப் போக முடிவானதும், மாணவர் மறுபடியும் மாரிஸ் வில்கின்ஸின் பொறுப்பில் விடப்பட்டார். மாணவரோடு படமும் போயிற்று. 1953 சனவரி இறுதியில் வில்கின்ஸ் அதை வாட்சனிடம் காட்டினார். நூற்றாண்டின் மாபெரும் அறிவியல் சர்ச்சையின் முடிச்சு, ஒரு மாணவர் நெறியாளர் விட்டு நெறியாளர் மாற்றப்பட்டதில் இருக்கிறது. நம் துறைகளில் ஆய்வு செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இரட்டைச் சுருளைக் கண்டவராக நாம் கொண்டாடும் பிரான்சிஸ் கிரிக், 1953இல் முனைவர் பட்டம் பெறாத ஆய்வு மாணவர். வயது முப்பத்தாறு. பட்டம் அடுத்த ஆண்டுதான் வந்தது, அதுவும் புரதங்களின் எக்ஸ் கதிர் ஆய்வுக்காக. கதைநாயகரே மாணவராக இருந்தும் நம்மவர் அந்த ஒரு செய்தியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். மேதைக்குரிய இலக்கணத்தில் அது அடங்காது போலும்.

அயல்நாட்டுக் கதை அங்கேயே இருக்கட்டும். கிண்டிக்கு வருவோம். ஜி.என். இராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது முப்பது. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு முச்சுருள் வடிவத்தை 1954இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தார். அடுத்த ஆண்டே கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அந்த வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம் அளவுக்கு மீறியது? அந்தக் கேள்விக்கு அறிந்த படிக அமைப்புகளை ஒவ்வொன்றாக அளந்து விடை தேடியபோது பிறந்ததே இராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு பிணைப்புகள் சுழலக்கூடியவை. ஆனால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி சுழல வேண்டுமானால், இயலக்கூடிய கோணங்கள் மிகச் சிலவே. அவற்றை ஒரு சதுரத்தில் குறித்தால் பெரும்பகுதி வெறுமையாகவும் சில தீவுகள் மட்டும் நிரம்பியும் தெரியும். கணினி எட்டாக்கனியாக இருந்த நாளில் அந்தத் தீவுகளின் கரையை வரைவது எத்தகைய பொறுமையைக் கோரும் கணக்கு என்பதைக் கணக்கறியாத நானும் ஊகிக்க முடியும்.

1963இல் வந்த கட்டுரையில் மூன்று பெயர்கள் உள்ளன: இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன். பின்னிருவரும் அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஆசிரியர் மறைக்கவில்லை, மூவர் பெயரையும் அச்சிட்டார். மறைத்தவர்கள் நாம். ‘நோபல் கிடைக்காத தமிழகத்து மேதை’ என்று ஆண்டுதோறும் ஒப்பாரி வைக்கும் கட்டுரைகளில் அவ்விரு பெயர்களைத் தேடிப் பாருங்கள். (இராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர் என்பதையும் அக்கட்டுரைகள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன.)

நம் மரபில் இதற்கு விதி உண்டு என்பதுதான் எனக்கு எரிச்சல். நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்றும், அதில் ஆக்கியோன் பெயரோடு வழியும் சொல்லப்பட வேண்டும் என்றும் நன்னூல் வகுத்தது. காலமும் களமும் காரணமும் சேர்த்துச் சொல்வாரும் இருந்தனர். மேதைக் கதை ஆக்கியோன் பெயரோடு நின்றுவிடுகிறது. வழி இல்லை, களம் இல்லை, காரணம் இல்லை. உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் ஏடு கொடுத்தவர், உடனிருந்து உதவியவர் என்று பெயர் பெயராக எழுதினார். அதனால் அவர் புகழ் இம்மியும் குறையவில்லை. பெயர்ப் பட்டியல் வாசகரைச் சலிப்படையச் செய்யும் என்று வாதிடும் நண்பர்கள் அந்த முன்னுரைகளைப் படித்துவிட்டு வாதிடட்டும்.

இது வெறும் நன்றிக்கடன் பிரச்சினை அன்று. பொதுத்தமிழ் வகுப்பில் என்னிடம் படித்த உயிர்த்தொழில்நுட்ப மாணவர்கள் சிலர் பின்னர் ஆய்வுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு புரதத்தைத் தூய்மைப்படுத்த, நான்கு பாகை குளிரறையில் கம்பளிச் சட்டையோடு நின்று மாதங்களைக் கழிப்பவர்கள். படிகம் திரளாவிட்டால் ஓராண்டு உழைப்பு ஆய்வேட்டில் ஒரு வரிகூட ஆகாது. இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. உயர்வுக்கு முன் போராட்டங்கள் தேவைப்பட்டன. அந்தத் தொகையும் மாதக்கணக்கில் வராமல் நின்றுபோவதைச் சொல்லி அலுத்துப்போன முன்னாள் மாணவி ஒருத்தி, ‘ஐயா, எங்களை யாரும் வேலை செய்கிறவர்களாக நினைப்பதில்லை, படித்துக்கொண்டிருப்பவர்களாக நினைக்கிறார்கள்’ என்றாள். கட்டுரையில் முதற்பெயர் தனக்கா, நெறியாளரின் நண்பருக்கா என்பது கடைசி வாரம் வரை அவளுக்குத் தெரியாது. கண்டுபிடிப்பு என்பது மின்னல் என்று ஒரு சமூகம் நம்பும்வரை, மின்கம்பி இழுத்தவருக்குக் கூலி கேட்க வாய் ஏது?

‘இனி இயந்திரமே புரதங்களின் வடிவத்தைச் சொல்லிவிடும், ஆய்வு மாணவர் எதற்கு’ என்று ஒரு நண்பர் கேட்டார். 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபலில் பாதி, அதற்கான ஆல்ஃபாஃபோல்ட் நிரலுக்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் தரப்பட்டது உண்மையே. ஆனால் அந்த இயந்திரம் கற்ற பாடநூல் எது? 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கி. உலகெங்கும் ஆய்வகங்களில் படிகம் வளர்த்து, கதிர் பாய்ச்சி, ஒவ்வொன்றாகக் கண்டு சேர்த்த இலட்சக்கணக்கான வடிவங்கள் அதில் உள்ளன. ஒவ்வொரு வடிவத்துக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு ஆய்வேடு இருக்கும். அந்த வங்கிக்குள் நுழையும் வடிவத்தை இன்றும் கிண்டியின் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். எத்தனை கண்ணிகள் தீவுக்கு வெளியே விழுந்தன என்ற கணக்கும் கூடவே வெளியாகிறது. அந்தக் கணக்கை நண்பருக்கு எடுத்துக் காட்டினேன். இராமச்சந்திரன் எவ்வளவு பெரிய மேதை பாருங்கள் என்றார்.